செய்தியால் எழுந்த ஆய்வகம்: குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தின் கதை

குன்னூருக்குச் செல்லும் பயணிகளில் சிம்ஸ் பூங்காவைப் பார்க்காமல் திரும்புவோர் அரிது. 1874-இல் உருவான அப்பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதத்தில் பழக்கண்காட்சி நடக்கும். நாளிதழ்கள் தவறாமல் படம் வெளியிடும். பூங்காவின் எதிர்ப்புறத்தில் பழைய கட்டடங்கள் கொண்ட வளாகம் ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தியப் பாஸ்டியர் நிறுவனம். சுற்றுலாக் கையேடுகள் அதற்கு ஒதுக்குவது இரண்டு வரி: வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்கும் இடம், 1907-இல் தொடங்கப்பட்டது.

நூறாண்டுக்கு மேற்பட்ட தன் வாழ்நாளில் இந்நிறுவனம் பரவலாகச் செய்தியானது மிகச் சில தடவைகளே. அந்தச் சில தடவைகளில்தான் அதன் தலைவிதியும் முடிவாயிற்று என்பது என் எண்ணம். இடைப்பட்ட பல பத்தாண்டுகளில் அங்கே நடந்த பணி, பல்லாயிரம் பேரின் உயிரோடு தொடர்புடையதாக இருந்தும், செய்தியாகவே இல்லை. இன்று உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் மக்கள் தொடர்புக்கென்று தனித்துறையே வைத்திருக்கின்றன. ஒரு மருந்து சோதனைச்சாலையை விட்டு வெளியே வருமுன்பே பத்திரிகை அறிக்கை வெளியே வந்துவிடுகிறது. இதைப் புதிய காலத்தின் கோளாறு என்று சொல்வோர் உண்டு. குன்னூரின் கதையைக் கவனித்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. கிருமியை வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து, மருந்தாக்கும் தொழிலும் விளம்பரமும் ஒரே தொட்டிலில் வளர்ந்தவை. அத்தொட்டிலை ஆட்டியவர் லூயி பாஸ்டியரேதான். ஆகவே, குன்னூருக்கு வருமுன் சிறிது நேரம் பிரான்சில் நிற்க வேண்டியிருக்கிறது.

1881-ஆம் ஆண்டு மே மாதம். பாரிசுக்குத் தென்கிழக்கே பூயி-ல-ஃபோர் என்னும் ஊரில் ஒரு பண்ணை. கால்நடைகளைக் கொன்றுவந்த ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டதாகப் பாஸ்டியர் அறிவித்திருந்தார். வட்டார வேளாண் சங்கம் பொதுச் சோதனைக்கு அழைத்தது, அவரும் இசைந்தார். 24 செம்மறி ஆடுகளுக்கும் சில பிற விலங்குகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. அதே எண்ணிக்கையிலான ஆடுகள் ஊசி போடாமல் விடப்பட்டன. மே 31 அன்று எல்லா விலங்குகளுக்கும் வீரியமுள்ள கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2 அன்று விவசாயிகள், கால்நடை மருத்துவர்கள், அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் எனப் பெருங்கூட்டம் பண்ணையில் கூடியது. இலண்டன் டைம்ஸ் இதழின் பாரிஸ் நிருபரும் வந்திருந்தார். ஊசி போட்ட ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. போடாதவை செத்துக் கிடந்தன, அல்லது செத்துக்கொண்டிருந்தன. அதைவிடத் தெளிவான ஒரு காட்சியை எந்த நாடக ஆசிரியனும் அமைத்துவிட முடியாது. சில நாட்களில் செய்தி உலகமெங்கும் சென்றது.

நூறாண்டுக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்த செய்தி வேறு. பாஸ்டியர் தம் சோதனைக் குறிப்பேடுகளை வெளியாருக்குக் காட்ட வேண்டாமென்று குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தார். அவருடைய பேரன் 1964-இல் அவற்றைப் பிரெஞ்சுத் தேசிய நூலகத்துக்கு அளித்தார். அவற்றை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜெரால்ட் கைசன் 1995-இல் ஒரு நூல் எழுதினார். பூயி-ல-ஃபோரில் பயன்படுத்தப்பட்டது, காற்றிலுள்ள பிராணவாயுவால் வீரியம் குறைக்கப்பட்டது என்று உலகம் நம்பிய பாஸ்டியரின் சொந்த மருந்து அன்று. அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் பொட்டாசியம் டைக்ரோமேட் என்னும் இரசாயனத்தைக் கொண்டு தயாரித்த மருந்து என்பதைக் குறிப்பேடுகள் காட்டின. இரசாயனத்தால் கிருமியை அடக்கும் வழியை அதற்கு முன்பே முயன்றவர் துலூஸ் நகரக் கால்நடை மருத்துவர் துசான், பாஸ்டியரின் போட்டியாளர். கைசனின் முடிவுகளை நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பெருட்ஸ் கடுமையாக மறுத்து எழுதினார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. மருந்து வேலை செய்தது, ஆடுகள் பிழைத்தன. ஆனால் எந்த மருந்து வேலை செய்தது என்பதைப் பொதுமக்கள் அறிந்துகொள்ளவில்லை. காட்சி அவ்வளவு நன்றாக இருந்தபோது யார் கேட்கப் போகிறார்கள்?

வெறிநாய்க்கடி மருந்தின் கதை இதைவிடப் பெரிது. 1885 ஜூலை 6 அன்று அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜோசஃப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பாஸ்டியர் மருத்துவர் அல்லர். ஊசி போட்டவர் மருத்துவர் கிராஞ்சே. வெறிபிடித்து இறந்த முயலின் தண்டுவடத்தை உலரவைத்து வீரியம் குறைத்த சாறுதான் மருந்து. அக்டோபரில் அறிவிப்பு வந்தது. டிசம்பரில் அமெரிக்காவின் நெவார்க் நகரில் சில சிறுவர்களை நாய் கடித்தது. அவர்களைப் பாரிசுக்கு அனுப்பப் பத்திரிகை வழியாக நிதி திரட்டினார்கள். நான்கு சிறுவர்கள் கப்பலேறினார்கள். அவர்கள் கிளம்பியது, போய்ச் சேர்ந்தது, ஊசி போட்டுக்கொண்டது எல்லாம் நாள்தோறும் செய்தியாயிற்று. திரும்பி வந்ததும் நியூயார்க்கில் கட்டணக் காட்சிசாலையில் அவர்களை நிறுத்திக் காட்டினார்கள் என்பது அக்காலத்தின் சுவையை உணர்த்தும். 1886 மார்ச்சில் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கிலிருந்து ஓநாய் கடித்த 19 பேர் பாரிஸ் வந்தார்கள். அவர்களில் 16 பேர் பிழைத்தார்கள். ஜார் மன்னர் பெருந்தொகை அனுப்பினார். உலகெங்குமிருந்து சந்தா குவிந்தது. 1888 நவம்பர் 14 அன்று பாரிஸ் பாஸ்டியர் நிறுவனம் திறக்கப்பட்டபோது, அது முழுக்கவும் செய்தித்தாள் வாசகர்கள் கட்டிய கட்டடம் என்றே சொல்லலாம்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. பாரிஸ் மருத்துவக் கழகத்திலேயே மிஷல் பீட்டர் என்பவர் விடாமல் கேள்வி கேட்டார். கேள்வி நியாயமானது: வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர், சிகிச்சை இல்லாமலே பிழைத்திருக்கக் கூடியவர் அல்லர் என்று எப்படித் தெரியும்? கடிபட்டவர்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தை மறுத்துப் பார்க்க முடியாது. அக்கேள்விக்கான விடை பாரிசில் அன்று கிடைக்கவில்லை. அதற்கு ஒரு விடை நெடுங்காலம் கழித்து நீலகிரியில் கிடைத்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இனி இந்தியா. பாஸ்டியர் முறைச் சிகிச்சையை இங்கே கொண்டுவரும் பேச்சு 1880-களின் பிற்பகுதியிலிருந்தே இருந்தது. முயல்களைக் கொல்வதை எதிர்த்த பிராணிவதை எதிர்ப்பாளர்கள் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் குரல் எழுப்பியதால் ஆண்டுகள் கழிந்தன. அதுவரை நாய் கடித்த ஆங்கிலச் சிப்பாய்கள் பாரிசுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். நாய் கடித்த இந்தியர்கள் எங்கும் அனுப்பப்படவில்லை. 1900-இல் இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் முதல் நிறுவனம் தொடங்கப்பட்டது. டேவிட் செம்பிள் அதன் இயக்குநர். ஆனால் தென்னிந்தியாவில் கடிபட்டவர் கசௌலி போய்ச் சேர்வது எளிதன்று.

1902-இல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண்மணி வெறிநாய்க்கடியால் இறந்தார். அவரைக் கசௌலிக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமற் போனதே காரணம். இம்மரணம் ஐரோப்பியர் நடுவே பெரும் அதிர்ச்சியை உண்டாக்கிற்று. தெற்கேயும் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. குன்னூர் நிறுவனத்தின் தோற்றத்தைச் சொல்லும் எல்லாக் குறிப்புகளும் இந்த மரணத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அதே ஆண்டிலும் அதற்கு முன்னும் சென்னை மாகாணத்துக் கிராமங்களில் எத்தனையோ பேர் இதே நோயில் நீரைக் கண்டு நடுங்கி இறந்திருப்பார்கள். அவர்கள் பெயரில் எந்தக் குறிப்பும் தொடங்குவதில்லை. லில்லியின் மரணம் துயரமானதுதான். அதனால் பயன் விளைந்ததும் உண்மை. ஆனால் ஓர் ஆய்வகம் எழ எத்தனை மரணம் வேண்டும் என்பதைவிட, யாருடைய மரணம் வேண்டும் என்பதே அன்று கேள்வியாக இருந்தது.

பணம் வந்த வழி வேடிக்கையானது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர், எஃகு மன்னர் கார்னகியின் கூட்டாளி. 1901-இல் கார்னகியின் நிறுவனம் விற்கப்பட்டபோது பெருஞ்செல்வம் அடைந்தவர். அவர் இந்தியாவின் பொதுநலனுக்காக வைசிராய் கர்சன் பிரபுவிடம் ஒரு இலட்சம் டாலர் நன்கொடை அளித்தார். பின்னர் மேலும் அளித்தார். அதில் பெரும்பகுதி பீகாரிலுள்ள பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைக்கச் சென்றது. ஒரு பகுதி குன்னூருக்கு வந்தது. ‘ஃபிப்ஸ் ஆஃப் யு.எஸ்.ஏ.’ என்பதன் சுருக்கமே ‘பூசா’ என்று இன்றும் பலர் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். 1808-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையை நடத்த மூர்கிராஃப்ட் வந்து சேர்ந்த ஊரின் பெயர் பூசா. ஃபிப்ஸ் அப்போது பிறந்திருக்கவே இல்லை. நல்ல கதை இருக்குமிடத்தில் ஊர்ப்பெயர்கூட நன்கொடையாளருக்குப் போய்விடுகிறது!

லில்லி இறந்த அதே 1902-இல் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் அக்டோபர் 30 அன்று பிளேக் தடுப்பூசி போட்டவர்களில் 19 பேர் ரணஜன்னியால் இறந்தார்கள். அம்மருந்தை உருவாக்கியவர் வால்டெமர் ஹாஃப்கின். பாரிஸ் பாஸ்டியர் நிறுவனத்தில் பணிபுரிந்துவிட்டு இந்தியா வந்த ரஷ்ய யூதர். ஒரே ஒரு குப்பி மருந்தால் நேர்ந்த இறப்புகள் அவை. ஊசி போட்ட இடத்தில் குப்பியின் மூடியைத் திறக்கும்போது, கீழே விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தினார்கள். ஆனால் பழி பம்பாய் ஆய்வகத்தின் மேல் விழுந்தது. ஹாஃப்கின் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். 1907 ஜூலையில் ரொனால்ட் ராஸ் முதலான அறிவியலாளர்கள் இலண்டன் டைம்ஸில் கடிதம் எழுதி வாதாடிய பிறகே பழி நீங்கிற்று. ஓர் ஆங்கிலப் பெண்ணின் மரணம் ஓர் ஆய்வகத்தைக் கட்டியது. பத்தொன்பது பஞ்சாபியரின் மரணம் ஓர் அறிவியலாளரை வீழ்த்தியது. இரண்டுக்கும் முடிவு கிட்டியது 1907-இல்தான்.

அவ்வாண்டு ஏப்ரல் 6 அன்று தென்னிந்தியப் பாஸ்டியர் நிறுவனம் குன்னூரில் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த மேஜர் கார்ன்வால். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-இல் குன்னூரை எட்டியிருந்தது. உதகைக்கு அது போய்ச் சேர்ந்தது 1908-இல். ஆகவே தென்னாட்டின் எந்த மூலையில் கடிபட்டவரும் ரயிலிலேயே குன்னூர் வந்து இறங்கலாம். இரு வாரம் தங்கி நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டத் துரைகளும் தோட்ட லயங்களில் இருந்த தொழிலாளரும் ஒரே மருந்துக்கு ஒரே வாசலுக்கு வரவேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். நாய் அதிகாரம் பார்த்துக் கடிப்பதில்லை.

1911-இல் கசௌலியின் செம்பிள் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தார். வெறிநோய்க் கிருமியுள்ள மூளைத் திசுவைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து மருந்தாக்கினார். இம்மருந்தைக் குப்பியில் அடைத்து வெளியூருக்கு அனுப்பலாம். நோயாளி மலையேற வேண்டியதில்லை, மருந்தே மலையிறங்கும். குன்னூரிலும் இதுவே பெருமளவில் தயாரிக்கப்பட்டது. ஆட்டின் மூளையே மூலப்பொருள். நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு வந்துசேர்ந்தது இம்மருந்துதான்.

‘நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்ற வழக்கு இங்கிருந்துதான் பிறந்தது. நாளொன்றுக்கு ஒன்றாகப் பதினான்கு நாள். மருந்தின் அளவு அதிகமாகையால் வயிற்றுத் தோலின் கீழே போடுவார்கள். அத்தொடரைக் கேட்டு அஞ்சாத தமிழ்க் குழந்தை இல்லை. அச்சத்துக்கு உண்மையான காரணமும் இருந்தது. மூளைத் திசுவிலுள்ள பொருள்கள் சிலருக்கு நரம்பு மண்டலத்தையே தாக்கிப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டன. இதற்கு மாற்றாக உயிரணு வளர்ப்பு முறையிலான மருந்துகள் உலகில் எழுபதுகளிலிருந்தே வந்துவிட்டபோதிலும், இந்தியாவில் ஆட்டு மூளை மருந்து நிறுத்தப்பட்டது 2004-இன் இறுதியில்தான். குன்னூர் நிறுவனம் ‘வீரோ’ என்னும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் வளர்த்த புதிய மருந்தை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தயாரிக்கத் தொடங்கியிருந்தது. இப்போது போடுவது கையில், நான்கைந்து தடவை. ஆனாலும் பதினான்கு ஊசிக் கதை ஓயவில்லை. மஞ்சள் பற்றையும் மிளகாய்ப் பற்றையும் நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுபவர்களின் அச்சத்தில், மறைந்துபோன அம்மருந்துக்கும் பங்குண்டு. ஒரு மருந்து சாகலாம். அதன் கெட்டபெயர் அவ்வளவு எளிதில் சாவதில்லை.

மிஷல் பீட்டரின் கேள்விக்கான விடை என்றேனே, அதற்கு வருகிறேன். சுதந்திரத்துக்குப் பின் நெடுங்காலம் இந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் என். வீரராகவன். ஆண்டுதோறும் நிறுவனத்தின் சிகிச்சைப் புள்ளிவிவரங்களைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டுவந்தார். 1954 அறிக்கையில் செம்பிள் மருந்தின் பயனைப் பற்றிய ஓர் ஆய்வு உள்ளது. வெறிநாய் கடித்தும் ஏதேதோ காரணங்களால் சிகிச்சை பெறாமல் இருந்துவிட்டவர்களைத் தேடி, அவர்களுடைய இறப்பு விகிதத்தைச் சிகிச்சை பெற்றவர்களின் விகிதத்தோடு ஒப்பிட்டார். யாருக்கும் மருந்தை மறுக்காமலே ஒப்பீட்டுக்குரிய மறுபாதி கிடைத்துவிட்டது. சிகிச்சை பெற்றவர்களில் இறந்தோர் மிகக் குறைவு என்பது தெளிவாயிற்று. எழுபது ஆண்டுகளுக்கு முன் பாரிசில் எழுந்த நியாயமான ஐயத்துக்குக் குன்னூரில் பொறுமையாகத் தேடிக் கண்ட விடை இது. இத்துறை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் இதை மேற்கோள் காட்டினார்கள். பூயி-ல-ஃபோருக்கு வந்த கூட்டம் இதற்கு வரவில்லை. ஆண்டறிக்கைக்கு யார் வருவார்கள்?

இதே வளாகத்தில் பிறந்து, இதற்கு நேரெதிராக உலகப்புகழ் அடைந்த ஒன்றும் உண்டு. ராபர்ட் மெக்கரிசன் என்ற இராணுவ மருத்துவர் 1918-இல் பாஸ்டியர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். சிக்கன நடவடிக்கையாக 1923-இல் அதை மூடினார்கள். 1925-இல் மறுபடி திறந்தார்கள். பின்னாளில் ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது இந்த ஒற்றை அறைதான். மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்து வளர்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், காய்கறி உண்ட ‘சீக்கிய’ எலிகள் கொழுத்தன. பாலிஷ் அரிசியை உண்ட ‘மதராசி’ எலிகள் கடைசி இடத்தில் நின்றன. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரைத் தேநீர், டப்பா இறைச்சி என்று இங்கிலாந்து ஏழைகளின் உணவை உண்ட எலிகள் ஒன்றையொன்று கடித்துத் தின்றன. 1936-இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதை அவர் விவரித்தார். இதழ்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதற்கும் முன்பாக 1921-இல் அமெரிக்காவில் பேசும்போது, கில்கித்தில் தாம் பணியாற்றிய காலத்தில் கண்ட ஹூன்சா மக்களின் அசாதாரண ஆரோக்கியத்தைக் குறிப்பிட்டிருந்தார். அது போதுமானதாயிற்று. 1938-இல் ரெஞ்ச் என்பவர் ஹூன்சாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1948-இல் அமெரிக்கப் பதிப்பாளர் ரொடேல் இன்னொரு நூல் எழுதினார். ரொடேல் ஹூன்சாவில் கால் வைத்ததே இல்லை. நூறு வயதுக்கு மேல் வாழும் நோயறியா மக்கள் என்ற கதை இன்றளவும் உலர்ந்த வாதுமைப் பழப் பொட்டலங்களில் அச்சாகி விற்கிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே தங்கிச் சிறு மருந்தகம் நடத்திய ஜான் கிளார்க் என்ற அமெரிக்கர், தம்மிடம் வந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதை யாரும் பொட்டலத்தில் அச்சிடவில்லை.

குன்னூரில் மெக்கரிசனுக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், எலிகளை விட்டு மனிதரின் வருமானத்தைப் பார்க்கத் தொடங்கினார். மதராசி இளைத்திருப்பது இனத்தாலன்று, பால் வாங்கக் காசில்லாமையால் என்பது அந்த ஆய்வுகளின் சாரம். பெரிபெரி ஆந்திரக் கடலோரத்தில் மிகுந்து தமிழகத்தில் அரிதாக இருப்பதன் காரணமும் இங்குதான் தெளிவுபட்டது: ஆந்திரக் கடலோரத்தார் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டார்கள், தமிழர் புழுங்கல் அரிசி உண்டார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் உயிர்ச்சத்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது. நம் பாட்டிமார் செய்துவந்த காரியத்துக்குக் கிடைத்த அறிவியல் சான்று இது. ஹூன்சாவின் புகழில் நூற்றில் ஒரு பங்கு நம் புழுங்கல் அரிசிக்குக் கிடைத்ததா என்றால் இல்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1977-இல் தன்னாட்சி பெற்று இந்தியப் பாஸ்டியர் நிறுவனம் எனப் பெயர் மாறிய பின், குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியும் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) குன்னூரில் தயாராயிற்று. கசௌலி, குன்னூர், சென்னை கிண்டியிலுள்ள பி.சி.ஜி. ஆய்வகம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களே நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்துக்குப் பெரும்பங்கு மருந்தை அளித்துவந்தன. 2007 ஏப்ரலில் குன்னூர் நூற்றாண்டை நிறைவு செய்தது. ஒன்பதே மாதங்களில், 2008 ஜனவரியில், மூன்று நிறுவனங்களின் தயாரிப்பு உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டன. நல்ல தயாரிப்பு நடைமுறை விதிகளின்படி ஆலைகள் இல்லை என்பது காரணம். அப்போது மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். மூன்றில் இரண்டு நிறுவனங்கள் அவருடைய சொந்த மாநிலத்தில் இருந்தவை.

செய்தித்தாள்களில் இரண்டு கதைகள் ஓடின. ஒன்று, தரமற்ற பழைய அரசு ஆலைகள். குழந்தைகளின் உயிரோடு விளையாடலாமா என்பது. மற்றொன்று, தனியார் கொள்ளையடிக்க அரசு செய்த சதி என்பது. இரண்டும் எளிய கதைகள். நடந்தது இவற்றைவிடச் சிக்கலானது. ஐக்கிய நாடுகள் அமைப்புகளுக்கு மருந்து விற்கும் இந்தியத் தனியார் நிறுவனங்கள் உலக சுகாதார அமைப்பின் முன்தகுதி பெற்றிருக்க வேண்டும். நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திறமையாகச் செயல்படுகிறது என்று உலக சுகாதார அமைப்பு ஒப்புக்கொண்டால்தான் அந்த முன்தகுதி நிலைக்கும். அரசே தன் ஆலைகளில் விதிகளைப் பின்பற்றவில்லை என்றால் அந்த ஒப்புதலுக்கு ஆபத்து. ஆகவே உரிமத்தை நிறுத்தினோம் என்றது அரசு. இந்த வாதத்தில் பொருளில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தயாரான மருந்தால் தீங்கு நேர்ந்தது என்ற புகாரன்று அந்த ஆணைக்கு அடிப்படை. கட்டட அமைப்பும் நடைமுறையும்தான். ஆலைகளைப் புதுப்பிக்க வேண்டிய பொறுப்பு எந்த அமைச்சகத்துடையதோ, அதே அமைச்சகம் அவை பழையனவாக இருப்பதற்காக அவற்றை மூடியது. மாற்று ஏற்பாடு போதாமல் தடுப்பூசித் தட்டுப்பாடு ஏற்பட்டது. தனியாரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. முன்னாள் அரசு அதிகாரிகளும் மக்கள் நலவாழ்வு இயக்கத்தினரும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2010 பிப்ரவரியில், குலாம் நபி ஆசாத் அமைச்சராக இருந்தபோது, உரிமத் தடை நீக்கப்பட்டது. முன்னாள் சுகாதாரச் செயலர் ஜாவித் சௌத்ரி தலைமையில் அமைந்த குழுவும் மூடிய முடிவைக் குறைகூறியது.

இந்த இரண்டாண்டுகளில் குன்னூரின் குரல் எங்கும் கேட்கவில்லை என்பதே என்னை உறுத்துகிறது. அரசு நிறுவனத்து அறிவியலாளர்கள் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். பத்திரிகையாளரைக் கூட்டிப் பேச முடியாது. தனியார் நிறுவனத்துக்கு ஒரு பழி வந்தால் மறுநாள் காலை மறுப்பறிக்கை வரும். இங்கே நூறாண்டுக் கணக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் வாய்மூடி இருந்தார்கள். அமைச்சகத்துக்காகவும் எதிர்ப்பாளர்களுக்காகவும் வேறு யார் யாரோ பேசினார்கள். தன் பெயருக்குரியவரிடமிருந்து அந்நிறுவனம் கற்றுக்கொள்ளாமல் விட்ட ஒரே கலை அதுவாக இருக்கலாம்.

பிறகு நூறு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் குன்னூரில் விதிகளுக்கேற்ற புதிய முத்தடுப்பு ஊசி ஆலை எழுந்தது. செங்கல்பட்டில் இன்னும் பெரிய தடுப்பூசி வளாகம் ஒன்று 2012-இல் ஒப்புதல் பெற்றுக் கட்டப்பட்டு, மருந்து தயாரிக்காமல் கிடந்தது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது எல்லோருக்கும் அது நினைவுக்கு வந்தது. மே 25 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் நேரில் சென்று பார்த்தார். மாநில அரசிடம் ஒப்படைக்குமாறு பிரதமருக்கு எழுதினார். குன்னூரிலும் கொரோனாத் தடுப்பூசி தயாரிக்கலாமே என்ற கோரிக்கைகள் எழுந்தன. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிறுவனத்தின் பெயர் மறுபடி தலைப்புகளில் வந்தது. முத்தடுப்பு ஊசி பாக்டீரியாக்களிலிருந்தும் அவற்றின் நச்சிலிருந்தும் செய்யப்படுவது. அந்த ஆலையை அப்படியே வைரஸ் மருந்துக்கு மாற்றிவிட இயலாது. அதற்குப் பொருத்தமாக அங்கே இருந்தது, வீரோ உயிரணுக்களில் வெறிநோய் வைரஸை வளர்த்துப் பெற்ற பழைய அனுபவம். நான் படித்த செய்திகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.